ஆபரேஷன் ஆகி ஆறாம் நாள், செருப்பைக் கட்டிலடியில் வைத்துக் காவல் காக்கிறது

கொடுமுடிக்காரன்:

வணக்கங்க. எங்க வீட்டு நாய், சிப்பிப்பாறை கலப்பு, பெட்டை, நாலு வயசு, 18 கிலோ. இதுவரைக்கும் குட்டி போட்டதில்லை. கருத்தடை ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டையும் எடுத்தாச்சு. இன்னைக்கு ஆறாம் நாள்.

முதல் ராத்திரி தலை ஒரு பக்கமா ஆடிக்கிட்டே இருந்துச்சு. கூப்பிட்டா திரும்பல, ஒரே முனகல். மறுநாள் மத்தியானத்துக்குள்ள அது தெளிஞ்சிடுச்சு. அப்புறம் ரெண்டு நாள் நல்லாத்தான் தின்னுட்டு வெளிய போய் வந்துச்சு. நாலாம் நாள்ல இருந்து புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. கட்டிலுக்கு அடியில போய் சிமெண்ட் தரையைப் பறண்டுது. போர்வையை இழுத்துச் சுருட்டி அதுக்குள்ள சுத்திச் சுத்திப் படுக்குது. பாப்பாவோட ரப்பர் செருப்பு ஒத்தையையும் ஒரு துணி பொம்மையையும் கவ்விட்டுப் போய் வயித்தோரம் வச்சு நக்கிக்கிட்டே இருக்குது. யாராவது குனிஞ்சு பார்த்தா உறுமல். சாப்பாட்டுக்கு வெளிய வரும், பாதி தின்னுட்டு உள்ள ஓடிடும்.

மருந்து: வலிக்கு மெலாக்சிகாம் மூணு நாள் கொடுத்து முடிஞ்சுது. ஆன்டிபயாடிக் ஓடுது. காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை ஒண்ணு. தையல் காய்ஞ்சு சுத்தமா இருக்கு. தையலை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டற கோன் இருக்குல்ல, அதை மாட்டினா சுவத்துல இடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது, அதனால கழட்டி வச்சிருக்கோம்.

பக்கத்து வீட்டுல மயக்க மருந்து மூளைக்கு ஏறிடுச்சுங்கறாங்க, வெறி பிடிச்சிரும்னு பயமுறுத்தறாங்க. வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டிருக்குங்க. இது மயக்க மருந்தா, வலியா, வேற ஏதாவதா? டாக்டர் திங்கக்கிழமைதான் வருவார்.

தெப்பக்குளம்:

மயக்க மருந்து என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் பெரும்பாலும் சைலசின், கெட்டமின் சேர்த்துப் போடுவார்கள். கெட்டமின் இறங்கும்போது தலை ஆடும், கண் விழி பக்கவாட்டில் துடிக்கும், வெறுமனே சுவரைப் பார்க்கும், ஆளை அடையாளம் தெரியாது. பியூட்டார்ஃபனால், டிரமடால் போன்ற வலி மருந்து ஏறிய நாயும் இப்படித்தான் காரணமில்லாமல் முனகும். நீங்கள் முதல் ராத்திரி பார்த்தது அதுதான். இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிடும். சிப்பிப்பாறை மாதிரி உடலில் கொழுப்பே இல்லாத ஒல்லி நாய்களுக்கு தயோபென்டோன் போட்டிருந்தால் தெளிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் சரியாக இருந்துவிட்டு நாலாம் நாள் புதிதாகத் தொடங்கும் நடத்தைக்கு மயக்க மருந்து காரணம் ஆகாது.

வெறிநோய் பயத்தையும் ஓரமாக வையுங்கள். ஊசி ஒழுங்காகப் போட்ட நாய், தின்கிறது, வெளியே போய் வருகிறது, ஒரே இடத்தை மட்டும் காக்கிறது. ஆனால் உறுமும் நாயின் அருகே குழந்தையை விடாதீர்கள். எந்த நாய் யாரைக் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

சாம்பல்நிறம்:

எனக்கென்னவோ இது வலின்னு தோணுது. மெலாக்சிகாம் மூணு நாளோட நின்னுடுச்சு, நாலாம் நாள் ஒளியுது, உறுமுது, பாதி சாப்பாடு. கணக்கு சரியா வருது பாருங்க.

செக் பண்ண ஒரு வழி இருக்கு. வெளிய வந்து நிக்கும்போது தையல்ல நேரா கை வைக்காம, விலாவில ஆரம்பிச்சு உள்ளங்கையைத் தட்டையா வச்சு மெதுவா பின்னாடி கொண்டு போங்க. வலி இருந்தா தையலுக்கு ரெண்டு அங்குலம் முன்னாடியே வயிறு பலகை மாதிரி இறுகும், இல்லைன்னா வெடுக்குன்னு கையைத் திரும்பிப் பார்க்கும். முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில வச்சு பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிக்குதா பாருங்க, அது வயித்து வலிக்கு நல்ல அடையாளம். கிளாஸ்கோ வலி அளவுகோல்னு டாக்டருங்க ஒண்ணு பயன்படுத்துவாங்க, மொத்தம் 24. நடக்கிற நாய்க்கு 6 வந்துட்டாலே வலி மருந்து கூட்டணும்னு அர்த்தம். முனகல், தையலைக் கவனிக்கிறது, நடை, தொட்டா எப்படி நடந்துக்குது, மனநிலை, உட்காரும் விதம், இதுலதான் மார்க்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. வீட்டுல இருக்கிற புரூஃபன், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீங்க. மெலாக்சிகாம்தானேன்னு மனுஷ மாத்திரையை உடைச்சும் கொடுக்காதீங்க. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அப்புறம் 0.1தான். 18 கிலோவுக்கு 1.8 மி.கி. கடையில கிடைக்கிற 7.5 மி.கி. மாத்திரையில பாதின்னாலே ரெண்டு மடங்கு ஆயிடும். இரைப்பை புண்ணாகும், கிட்னி அடி வாங்கும்.

மரப்பல்லி:

சாம்பல்நிறம் சகோ, சோதனை முறை சரி, முடிவு எனக்கு ஒத்துவரவில்லை. வலியில் ஒளியும் நாய் ஒளிந்து சும்மா கிடக்கும். சிமெண்ட் தரையைப் பறண்டிப் படுக்கை போடாது. வயிற்றில் தையலோடு வலிக்கிற நாய் முன்னங்காலால் பலமாகப் பறண்டவும் முடியாது, அந்த அசைவு நேராக வயிற்றுச் சதையை இழுக்கும். இந்த நாய் பறண்டுகிறது, துணி சுருட்டுகிறது, பொருளைக் கவ்விப் போய் வயிற்றோரம் வைத்து நக்குகிறது. குட்டி ஈன்ற நாய் செய்கிற வேலை அப்படியே.

கொடுமுடிக்காரரே, மூன்று விஷயம் சொல்லுங்கள். கடைசியாக ஹீட் வந்தது, அதாவது பருவத்துக்கு வந்து ரத்தம் பட்டது, எப்போது? நாள் நினைவில்லை என்றால் எந்தப் பண்டிகையை ஒட்டி என்றாவது சொல்லுங்கள். வயிற்றில் காம்புகள் முன்பைவிடப் பெருத்திருக்கின்றனவா, குறிப்பாகப் பின்னங்காலுக்கு நடுவே இருக்கும் கடைசி இரண்டு ஜோடி? பிழிந்து பார்க்க வேண்டாம், கண்ணால் மட்டும். மூன்றாவது, அந்த கேஸ் மாத்திரை அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படித்துச் சொல்லுங்கள்.

கொடுமுடிக்காரன்:

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரத்தம் பட ஆரம்பிச்சுது, அது நல்லா ஞாபகம் இருக்கு. கோலத்து மேல எல்லாம் சொட்டி வச்சிருந்துச்சு. ஆபரேஷன் மார்ச் ரெண்டாம் வாரம். காம்பு, ஆமாங்க, கடைசி நாலும் நல்லா பெருத்து இளஞ்சிவப்பா இருக்கு. ஒண்ணோட நுனியில காய்ஞ்ச பால் ஆடை மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு. தையலுக்கு ரெண்டு பக்கமும் புடைச்ச மாதிரி தெரியுது, அதை வீக்கம்னு நினைச்சோம்.

மாத்திரை அட்டையில பான்டாப்ரசோல் 40 மி.கி., டோம்பெரிடோன் 30 மி.கி.ன்னு போட்டிருக்கு. ஆபரேஷன் அன்னைக்கு ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சு, அதுக்காக வீட்டுல இருந்ததையே கொடுத்தோம், அப்படியே காலையில ஒண்ணுன்னு ஓடுது.

காய்ச்சல் பார்த்தேன், 101.8. விலாவுல கை வச்சு தடவினேன், வயிறு இறுகல, திரும்பியும் பார்க்கல.

மரப்பல்லி:

இது பொய்ச்சினை, அதாவது சினையாகாமலே குட்டி ஈன்ற நாய் மாதிரி உடம்பும் நடத்தையும் மாறுவது. கர்ப்பப்பை எடுத்த நாய்க்கு எப்படி என்று கேட்பீர்கள். இதற்குக் கர்ப்பப்பையே வேண்டாம்.

பெட்டை நாய்க்கு ஹீட் முடிந்ததும், ஆண் நாயோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சினைப்பை ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டரோன் என்ற சினைக்கால ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். பசு மாதிரி இல்லை. சினையான நாய்க்கும் சினையாகாத நாய்க்கும் ரத்தத்தில் அந்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைசியில் புரோஜெஸ்டரோன் இறங்கும்போது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனை ஏற்றும். பால் சுரப்பதும் குட்டியைத் தேடுவதும் அதன் வேலை. உங்கள் நாய்க்கு ஹீட் தொடங்கி இரண்டு மாதத்தில் ஆபரேஷன். அதாவது புரோஜெஸ்டரோன் இன்னும் ரத்தத்தில் இருக்கும்போதே சினைப்பையை எடுத்தாயிற்று. மெல்ல இறங்க வேண்டியது ஒரே நாளில் அறுந்து விழுந்தது, புரோலாக்டின் கிளம்பிவிட்டது. ஆபரேஷன் முடிந்து மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இது தலைகாட்டுவது வழக்கம். உங்களுடையது நாலாம் நாள்.

இதனால்தான் ஹீட் தொடங்கி மூன்று நான்கு மாதம் தள்ளிக் கருத்தடை செய்யச் சொல்வார்கள். உங்கள் நாய்க்கு அது சித்திரை பிறந்த பிறகு வந்திருக்கும். கர்ப்பப்பையில் சீழ் கட்டிய நாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே எடுக்க வேண்டும். ஹீட் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்கிற வீடுகள் குறைவு என்பதுதான் நிஜம்.

அந்த மாத்திரைக்கு வருவோம். பான்டாப்ரசோல் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கூட இருக்கும் டோம்பெரிடோன்தான் விஷயம். புரோலாக்டினை ஏறவிடாமல் கட்டி வைத்திருப்பது மூளையில் சுரக்கும் டோபமைன். டோம்பெரிடோன் டோபமைனைத் தடுக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரைத் தாண்டி மூளைக்குள் அது அதிகம் புகாது, ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புச் சுவருக்கு வெளியே இருப்பதால் அங்கே நன்றாகவே வேலை செய்யும். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுரக்கவில்லை என்றால் இதே டோம்பெரிடோனைக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. பொய்ச்சினையை அந்த மாத்திரை உண்டாக்கவில்லை, ஆனால் தினமும் காலையில் எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். வாந்திக்கு வேறு மருந்து வேண்டுமென்றால் ஒன்டான்செட்ரானோ மரோபிடன்டோ கேளுங்கள், இரண்டும் டோபமைன் பக்கம் போகாது. மெட்டோகுளோப்ரமைடும் டோம்பெரிடோன் மாதிரிதான், அதுவும் வேண்டாம். உறுமுகிறதே என்று சாந்தப்படுத்த அசெப்ரோமசின் கேட்டு வாங்கவும் வேண்டாம், அதுவும் புரோலாக்டினை ஏற்றும்.

தெப்பக்குளம்:

மரப்பல்லி சொன்னதோடு ஒன்று. தையலுக்கு இரு பக்கமும் புடைப்பு என்கிறீர்கள். வயிற்றின் நடுக்கோட்டில் தையல் போட்டால் இரு பக்கமும் பால் சுரப்பி வரிசை ஓடும். சுரப்பி பெருத்தால் இரண்டு பக்கமும் சமமாகப் புடைத்து, நடுக்கோடு பள்ளமாகத் தெரியும், அதனால் பயமில்லை. தையல் கோட்டின் மேலேயே தண்ணீர் பை மாதிரி தளதளவென்று இருந்தால் அது உள்ளே நீர் கோத்தது. பெரும்பாலும் தானே வற்றும், குத்தி எடுக்கக் கூடாது. கோட்டின் மேலேயே மெத்தென்று ஒரு உருண்டை, அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப வந்தால் உள்தையல் விட்டிருக்கிறது, அது திங்கட்கிழமை வரை தாங்காது. சில இடங்களில் விலாப்பக்கம் திறந்து ஆபரேஷன் செய்வார்கள், அங்கே இந்தக் குழப்பமே வராது.

இப்போது கோன்தான் முக்கியம். தையலுக்காக மட்டுமல்ல, காம்பை நக்க நக்கப் பால் வரும், பால் கசிந்து தையல் ஈரமாகும், நம் ஊர் வெயிலில் ஈ மொய்க்கும். கோனோடு சுவரில் முட்டி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு அங்குலம் இருந்தால் போதும், அதற்கு மேல் நீண்டால் நிலைப்படியெல்லாம் இடிக்கும். பக்கவாட்டில் பார்வை தெரிகிற ஒளிபுகும் பிளாஸ்டிக்காக வாங்குங்கள். அகலத் தட்டில் சோறு வைத்தால் கோன் விளிம்பு தட்டைத் தள்ளிக்கொண்டே போகும், நாய் வெறுத்துவிடும். கோன் வாய்க்குள் நுழைகிற சின்ன, உயரமான கிண்ணத்தை ஒரு செங்கல் மேல் வையுங்கள். பாதி சாப்பாட்டில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோன் ஒத்தே வரவில்லையென்றால் பழைய பருத்தி பனியன். முன்னங்கால் இரண்டையும் கை ஓட்டையில் விட்டு, பின்பக்கத் துணியை முதுகுக்கு மேல் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். சிறுநீர் போகும் இடத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் துணி முடிய வேண்டும். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

ஆலமர_நிழல்:

பால் வத்த அம்மாக்களுக்கு மல்லிகைப்பூ வச்சுக் கட்டுவாங்களே, அதை இதுக்குப் பண்ணலாமா? கெமிக்கல் வேண்டாமேன்னு கேக்கறேன்.

மரப்பல்லி:

அது வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் தள்ளமாட்டேன். பிள்ளை பெற்ற பெண்களிடம் மல்லிகைப்பூவையும் பாலை வற்றவைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் வைத்து ஒப்பிட்ட ஆய்வே 1988இல் வந்திருக்கிறது. ஆனால் இங்கே ஆறு நாள் தையலுக்கு மேல் ஈரப் பூவை வைத்துக் கட்ட வேண்டியிருக்கும். தையல் ஊறும், நாய் பூவைத் தின்னும், கட்டு உரச உரசக் காம்பு தூண்டப்படும். வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பத்து, பாலைக் கறந்துவிடுவது, இவையும் வேண்டாம். கறந்தால் இன்னும் சுரக்கும்.

மருந்தில்லாமலே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் உறுமும் நாய், அதுவும் தையலோடு என்றால் நான் மருந்தின் பக்கம்தான் சாய்வேன். டாக்டரிடம் புரோலாக்டினை இறக்கும் கேபர்கோலின் பற்றிக் கேளுங்கள். கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், நாளுக்கு ஒரு வேளை, 5 முதல் 7 நாள் என்பது வழக்கமான அளவு. 18 கிலோவுக்கு 90 மைக்ரோகிராம் வரும். மனிதர்களுக்கான 0.25 மி.கி. மாத்திரையில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய அந்த அளவு. 0.5 மி.கி. மாத்திரையை ஐந்தாக உடைப்பது நடக்கிற காரியமில்லை, வாங்கும்போதே சின்னதைக் கேளுங்கள். தண்ணீரில் கரைத்து மீதியை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், ஈரம் பட்டால் மருந்து சிதையும். முதல் ஒன்றிரண்டு வேளை வாந்தி வரலாம், சோற்றோடு கொடுத்தால் குறையும். ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கும் என்பதால் மயக்கம் தெளியாத நாய்க்கு இதைக் கொடுப்பதில்லை. ஆறாம் நாளில் அந்தத் தடை இல்லை, இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். டோம்பெரிடோனை நிறுத்தாமல் இதைக் கொடுத்தால் ஒன்றை ஒன்று வெட்டும், காசுதான் தண்டம். வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர் இருந்தால் அவர் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

சாம்பல்நிறம்:

பால் காய்ஞ்சது வரைக்கும் தெரிஞ்சிடுச்சுன்னா பொய்ச்சினைதான், ஒத்துக்கறேன். சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்றேன். ஆபரேஷன் ஆன நாய்னு பால், முட்டை, ஆட்டுக்கால் சூப்புன்னு ஊத்திக்கிட்டு இருந்தா நிறுத்துங்க. சத்து ஏற ஏறப் பால் நிக்காது. சூப்புல சின்ன வெங்காயம் போட்டிருந்தா அது தனி ஆபத்து, நாய்க்கு ரத்த அணுவை உடைக்கும். வேகவச்ச கோழியும் சோறும், வழக்கமான அளவுல கால் பங்கு குறைச்சு ஒரு வாரம் கொடுங்க. தண்ணியைக் குறைச்சா பால் வத்தும்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க. இப்பதான் மெலாக்சிகாம் சாப்பிட்ட கிட்னி அது.

செருப்பு விஷயம்: கட்டிலுக்கு அடியில கையை விட்டுப் பிடுங்காதீங்க, கண்டிப்பா கடி விழும். ஒருத்தர் சங்கிலியில மாட்டி வெளிய கூட்டிட்டுப் போகணும், அது போன பிறகு இன்னொருத்தர் செருப்பு, பொம்மை, போர்வை எல்லாத்தையும் எடுத்து, கட்டிலடியில சூட்கேஸை அடுக்கி அடைச்சிடணும். திரும்பி வந்து தேடும், ஒரு நாள் ரெண்டு நாள் முனகும், பாவமா இருக்குன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க. படுக்கையை ஆள் நடமாடுற ஹால்ல போடுங்க. பத்து நிமிஷ நடை, நாளைக்கு மூணு நாலு தடவை, சங்கிலியோட. ஓட்டம், மாடிப்படி, குதிக்கிறது கூடாது, தையல் பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு.

தெப்பக்குளம்:

திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்: ஈறு வெளுத்திருப்பது, அல்லது ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பாதது. காய்ச்சல் 103க்கு மேல். ஒரு நாள் முழுக்க சிறுநீர் போகாதது. ஒரு காம்பு மட்டும் கல் மாதிரி இறுகி, சுட்டு, ஊதாவாக மாறுவது, அது பால் மடி நோய், அதற்கு ஆன்டிபயாடிக் மாற்ற வேண்டியிருக்கும். கருப்பாக மலம் போனால் மெலாக்சிகாம் வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்தில் திறந்திருக்கிற டாக்டரிடம் போய்விடுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போகலாம், உங்களுக்கு நாமக்கல் பக்கம்.

கொடுமுடிக்காரன்:

டாக்டர் போன்ல கிடைச்சார். கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார், கேபர்கோலின் திங்கக்கிழமை பார்த்துட்டு எழுதறேன்னார். பனியன் போட்டாச்சு, நிக்குது. கடைசியா ஒண்ணு கேக்கறேன். இப்படி ஆயிருக்குன்னா சினைப்பை உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு அர்த்தமா? மறுபடியும் ஹீட் வருமா?

மரப்பல்லி:

இல்லை, நேர் எதிர். சினைப்பை முழுதாக வெளியே வந்ததால்தான் புரோஜெஸ்டரோன் இவ்வளவு வேகமாக விழுந்தது. மிச்சம் இருந்தால் அடையாளம் வேறு: சில மாதம் கழித்து பின்பக்கம் வீங்கும், ஆண் நாய்கள் வாசலில் வந்து நிற்கும். அப்படி நடந்தால் அந்த நாட்களிலேயே கூட்டிப் போங்கள். பிறப்புறுப்பில் துடைத்தெடுத்த செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும், பிறகு புரோஜெஸ்டரோன் ரத்தப் பரிசோதனை செய்தும் உறுதிப்படுத்துவார்கள். இப்போதைய பொய்ச்சினை சரியாக அடங்கிவிட்டால் திரும்ப வர வாய்ப்பில்லை, ஏற்றி இறக்க இனி சினைப்பை கிடையாது. ஆனால் பாதியில் நின்று மாதக்கணக்கில் உறுமலும் பொருள் காப்பதும் தொடர்ந்தால் குணம் மாறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். புரோலாக்டின் இறங்காமல் நிற்கிற நாய்கள் உண்டு. அவற்றுக்கு கேபர்கோலினை இன்னொரு முறை, கூடுதல் நாட்களுக்குக் கொடுப்பார்கள்.